நமுத்துப் போகும் முன்னே: சேலம் டவுன் கடைவீதியில் முதல் மாலை

சேலத்துக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டைப் பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குப் போவது. கால் மணி நேரம் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே செட் இருக்காது. சட்னியில் ஊறிய மாவுத்துண்டுகள்தான் இருக்கும். பீட்ரூட் சாறு காகிதமெல்லாம் இறங்கியிருக்கும், தக்காளி நழுவி ஓரத்துக்கு வந்திருக்கும். 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்று கேட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பார்கள்.

செட்டின் ஆயுசு இரண்டு மூன்று நிமிடம். சட்னி பட்ட நொடியிலிருந்து தட்டுவடை நமுக்கத் தொடங்கிவிடும். அதனால் இந்த ஊர்ப் பண்டத்தைக் கடை வாசலில் நின்று தின்ன வேண்டும். இரண்டு மூன்று கடை பார்க்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும். அதற்குத் தோதான இடம் பழைய டவுன்: முதல் அக்ரஹாரம், சின்னக் கடைவீதி, இரண்டாவது அக்ரஹாரம், பட்டைக்கோயில் சுற்றுவட்டாரம். வண்டிகளுக்குத் தடை என்று பலகை எதுவும் கிடையாது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் ஜவுளிக் கூட்டம், பூக்கூடை, தள்ளுவண்டி எல்லாம் சேர்ந்து நெரிக்கும்போது காரில் வந்தவர்தான் கடைசியாகப் போய்ச் சேருவார்.

வந்து சேர்வது

பெரும்பாலான ரயில்கள் நிற்பது சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில். அது ஊருக்கு மேற்கே, டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. ஜங்ஷனிலிருந்து 'பழைய பஸ் ஸ்டாண்ட்' போகும் டவுன் பஸ் பிடியுங்கள். வெளியூர் பஸ்ஸில் வந்தால் இறங்குவது புதிய பஸ் ஸ்டாண்டில். அங்கிருந்தும் டவுன் பஸ்தான். 'பஸ் ஸ்டாண்ட்' என்று மொட்டையாகச் சொன்னால் ஆட்டோக்காரர் எந்த பஸ் ஸ்டாண்ட் என்று திருப்பிக் கேட்பார். 'டவுன், பழைய பஸ் ஸ்டாண்ட்' என்றே சொல்லிவிடுங்கள். 2023-இல் ஈரடுக்காகப் புதிதாகக் கட்டித் திறந்த பிறகும் ஊர் வாயில் அது பழைய பஸ் ஸ்டாண்ட்தான்.

சென்னை எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் ரயிலில் வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஜங்ஷன் வரை போகாமல் சேலம் டவுன் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

கார் வைத்திருப்பவர்கள் அதைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. அக்ரஹாரத்துக்குள் கொண்டுபோனால் தின்பதற்கு ஒதுக்கிய ஒரு மணி நேரமும் நிறுத்த இடம் தேடுவதிலேயே போய்விடும்.

எந்த நேரம்

செட் கடைகள் மாலைக் கடைகள். நாலு, நாலரைக்கு வண்டி விரிப்பார்கள். முதல் அரை மணி நேரம் காய் சீவுவதில் போகும். ஐந்தரையிலிருந்து ஏழு வரை நல்ல நேரம்: காய் புதிதாக இருக்கும், சட்னி அன்று அரைத்தது, கூட்டம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். எட்டரைக்கு மேல் போனால் பச்சைச் சட்னி கறுத்திருக்கும், துருவிய கேரட் காய்ந்து நார் போல ஆகியிருக்கும், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்காது.

ஆடி மாதம் தனிக் கதை. கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் டவுன் முழுக்க ஜனம்தான். போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம்) நடக்கும் இரவு அந்தப் பக்கம் கால் வைக்க இடம் கிடைக்காது. வேடிக்கை பார்க்க வருபவர் தாராளமாக வரலாம். நிதானமாகத் தின்று பார்க்க வருபவர் ஆடியையும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்: பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் (ஸ்கேன் பண்ணும் அட்டை எல்லாக் கடையிலும் தொங்கும், நெரிசலில் சிக்னல்தான் போய்விடும்), ஒரு துணிப்பை, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை. கடைசி இரண்டும் கட்டாயம். பீட்ரூட் கறை வெள்ளைச் சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

நடக்கும் வழி

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை மாரியம்மன் கோயிலை அடையாளம் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். கோட்டை இப்போது பெயரில்தான்; மாரியம்மனும் அழகிரிநாதரும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். திருமணிமுத்தாற்றை ஒட்டி வளர்ந்த பழைய ஊர் இது. அடுத்த அடையாளம் தேரடியில் இருக்கும் ராஜகணபதி. 'ராஜகணபதி கோயில் எந்தப் பக்கம்ணா?' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அங்கே வந்துவிட்டால் முதல் அக்ரஹாரம். பெயரைக் கேட்டுத் திண்ணை வைத்த வீடுகளைத் தேட வேண்டாம், இது இப்போது துணிக்கடைத் தெரு. அங்கிருந்து சின்னக் கடைவீதி, வ.உ.சி. மார்க்கெட், பட்டைக்கோயில் எல்லாம் நடை தூரம்தான். பட்டைக்கோயில் என்பது பிரசன்ன வரதராஜப் பெருமாள் கோயில். பெருமாள் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள், பட்டைக்கோயில் என்றால் உடனே வழி சொல்வார்கள்.

கூகுள் வரைபடத்தை இங்கே அதிகம் நம்ப வேண்டாம். சந்துகளில் அது குழம்பும். கோயிலைக் கேட்டுக் கேட்டுப் போவதுதான் இந்த ஊருக்குச் சரிப்படும்.

எந்தக் கடையில் நிற்பது

பெயரைத் தேடிப் போகாதீர்கள், வண்டியைப் பாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, காய் அப்போதைக்கப்போது சீவப்படுகிறதா என்பது. துருவல் மலை போலக் குவிந்திருந்தால் மேல்பகுதி காய்ந்திருக்கும், அடியில் தண்ணீர் விட்டிருக்கும். கொஞ்சமாகத் துருவி, தீர்ந்ததும் அடுத்த பீட்ரூட்டை எடுப்பவரிடம் நில்லுங்கள். இரண்டு, சட்னியின் பதம். கரண்டியைத் தூக்கினால் ஒழுகக் கூடாது. ஒட்டிக்கொண்டு மெதுவாக விழ வேண்டும். தண்ணீர்ச் சட்னி வைக்கும் கடையில் வடை வாய்க்கு வரும் முன்பே நமுத்துவிடும். மூன்று, தட்டுவடை இருக்கும் டப்பா மூடியிருக்கிறதா என்பது. திறந்து கிடந்தால், அதுவும் மழை நாளில், காற்றின் ஈரமே போதும்.

வடையில் சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெய். ஒன்றைக் கேட்டு வாங்கி உடைத்துப் பாருங்கள். 'டக்' என்று உடைய வேண்டும். வளைந்து உடைந்தால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடலாம்.

எப்படிக் கேட்பது

செட் என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும். ஒரு தட்டில் எத்தனை வரும் என்பதும் விலையும் கடைக்குக் கடை மாறும். 'ஒரு பிளேட்ல எத்தனைங்க?' என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காரம் பழக்கமில்லாதவர், 'அண்ணா, சிவப்புச் சட்னி கம்மியா, பச்சை நெறையா' என்று சொன்னால் போதும். 'காரம் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இரண்டு சட்னியையும் குறைத்துவிடுவார். பிறகு மிச்சமிருப்பது வெறும் காய் வைத்த தட்டுவடை. பூண்டு ஆகாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிவப்புச் சட்னியின் பாதி உயிர் பூண்டுதான்.

தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். முறுக்கின் இடைவெளியில் சட்னி இறங்கிவிடுவதால் இது இன்னும் வேகமாக நமுக்கும். வாங்கியதும் முதலில் இதைத் தின்றுவிடுங்கள். மாங்காய்க் காலத்தில் துருவிய மாங்காய் வைத்துத் தரச் சொல்லலாம். தக்காளி புளிப்பைவிட மாங்காய்ப் புளிப்பு இதற்குப் பல மடங்கு பொருந்தும்.

கை வேலையைக் கவனியுங்கள்

நல்ல கடைக்காரர் ஒரு செட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அடுக்கும் வரிசை ஏன் அப்படி என்பது புரியும். உள்ளங்கையில், அல்லது தட்டில் வரிசையாக, வடைகளைப் பரப்புவார். முதலில் சிவப்புச் சட்னி, கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பு. காய்ந்த மிளகாயும் பூண்டும் கெட்டியாக அரைத்தது என்பதால் அதில் தண்ணீர் குறைவு. வடைமேல் ஒரு பூச்சு போல உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் வட்டமாக நறுக்கிய தக்காளியோ வெள்ளரியோ ஒன்று. பிறகு வெங்காயம். அதற்கும் மேலே பீட்ரூட், கேரட் துருவல், மூன்று விரலால் அள்ளிய அளவு. பச்சைச் சட்னி கடைசியில், காயின் தலையில். மல்லி, புதினா சேர்ந்த பச்சைச் சட்னிதான் நீர்த்தது. அது நேராக வடையைத் தொடாமல் துருவல் குடித்துக்கொள்ளும். மேல்வடையை மூடி, கட்டைவிரலால் லேசாக ஓர் அழுத்து. அழுத்தாவிட்டால் கடிக்கும்போது எல்லாம் பின்பக்கமாக வெளியே வரும். பலமாக அழுத்தினால் அடிவடை விரிசல் விடும்.

தின்பவர் செய்ய வேண்டியது ஒன்றே: முழுசாக வாயில் போடுவது. அதற்காகத்தான் அளவே இரண்டு அங்குலம். பாதி கடித்து மீதியைக் கையில் பிடித்திருந்தால் பீட்ரூட் மணிக்கட்டு வரை வழியும். புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் ஒன்றை அதற்கென்று தியாகம் செய்துவிட்டு மற்றதைத் தின்னுங்கள்.

நொறுக்கல்

இரண்டாவது கடைக்கு வைத்துக்கொள்ள வேண்டியது இது. தட்டுவடையையும் முறுக்கையும் கையால் நொறுக்கி, அதே காய், அதே சட்னி, கொஞ்சம் எலுமிச்சை சேர்த்துக் கிளறித் தருவது நொறுக்கல். அவித்த முட்டையை நறுக்கிச் சேர்த்தால் முட்டை நொறுக்கல். செட்டில் ஓரளவு தாங்கும் மொறுமொறுப்பு இதில் தாங்காது, ஏனென்றால் எல்லாத் துண்டுகளும் எல்லாப் பக்கமும் ஈரம் படுகிறது. ஆனால் பாதி நமுத்தும் பாதி மொறுமொறுவென்றும் இருப்பதுதான் இதன் ருசியே. மேலே இருப்பதை முதலில் அள்ளாமல் அடியிலிருந்து அள்ளித் தின்னுங்கள். சட்னி இறங்கித் தேங்குவது அங்கேதான்.

முட்டை நொறுக்கல் கேட்கும்போது முட்டை உரித்து வைத்திருக்கிறதா, அப்போது உரிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டோடு இருப்பதுதான் நல்லது. காரப்பொரியும் இதே வண்டிகளில் கிடைக்கும். வயிறு நிறைந்தவருக்கு அது போதும்.

வரிசை முக்கியம். முதலில் செட், பிறகு நொறுக்கல், பிறகுதான் இனிப்போ குளிர்ச்சியோ.  காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. மோர், பால், ஒரு துண்டு வாழைப்பழம், இவற்றில் ஒன்று போதும். கோடையானால் நுங்கும் இளநீரும் எங்கும் கிடைக்கும். இரவு பரோட்டா, பிரியாணி சாப்பிடுவது உங்கள் வயிற்றைப் பொறுத்தது. அவை எல்லா ஊரிலும் உண்டு.

சின்னக் கடைவீதியில் மாம்பழம்

ஏப்ரல் தொடங்கி ஜூன், ஜூலை வரை இந்தத் தெருவின் முகமே வேறு. பழ மண்டிகளில் இறங்கும் மாம்பழ வாசனையைப் பிடித்துக்கொண்டே வழி கண்டுபிடிக்கலாம். புதியவர் ஏமாறுவதும் இங்கேதான், பெரும்பாலும் நிறத்தை நம்பி.

செந்தூரா முன்னதாக வரும், தோளில் சிவப்பு. பெங்களூரா என்பது மூக்கு வளைந்த கிளிமூக்கு. பழத்தைவிட, கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் காயாகத் தின்னத்தான் அழகு. குண்டு, பெயருக்கேற்ற உருண்டை. மல்கோவா பெரியது, சதைப்பற்று அதிகம், நார் குறைவு. கொஞ்சம் பிந்தித்தான் வரும். மே தொடக்கத்திலேயே மல்கோவா என்று குவித்திருந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை முகர்ந்து பாருங்கள். இமாம் பசந்த் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். 'காயா இருக்கே' என்று அதை ஒதுக்கிவிட்டு மஞ்சளாக இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு போவது புதியவர்களின் வழக்கம். விலையிலும் ருசியிலும் இமாம் பசந்த் உச்சியில் இருப்பது.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை உண்டு. எத்திலீன் வாயுவை மட்டும் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குள் பயன்படுத்த அனுமதி. கல் வைத்த பழம் எப்படித் தெரியும் என்றால், கூடை முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும், காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் வாசனை இருக்காது, தோல் மஞ்சளாகவும் உள்ளே கொட்டையை ஒட்டி வெள்ளையாகவும் இருக்கும். இயல்பாகப் பழுத்தது கூடைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று நிறம் மாறும், காம்பில் வாசனை தூக்கும். ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மண்டிக்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஊருக்கு எடுத்துப் போவதானால் நன்றாக முற்றிய காயாக வாங்கி, வைக்கோலிலோ அரிசியிலோ வைத்துவிடுங்கள். மூன்று நாலு நாளில் பழுக்கும். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைத்தால் அத்தோடு நின்றுவிடும்: தோல் கறுக்கும், உள்ளே ருசி வராது. காம்பில் வடியும் பாலைக் கழுவிவிட்டுத் தின்னுங்கள். உதட்டோரம் புண்ணாவது அதனால்தான்.

கட்டிக்கொண்டு போவது

செட்டைப் பார்சல் கட்டக் கூடாது என்றோம். வெறும் தட்டுவடையைத் தாராளமாகக் கட்டலாம். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும். பிளாஸ்டிக் பை கேட்காதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. துணிப்பை கொண்டுவரச் சொன்னது அதற்குத்தான்.

சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. வாங்கும்போது பளிச்சென்ற வெள்ளையைத் தேடாதீர்கள். மங்கலான வெள்ளைதான் இயல்பான நிறம். பாயசத்துக்குச் சிறியது, வடாமுக்குப் பெரியது. கண்ணாடி போல இருப்பது நைலான் ஜவ்வரிசி, சீக்கிரம் வேகும்.

ஏற்காட்டுக் காப்பியை அரைத்துக் கொடுக்கும் கடைகளும் டவுனில் உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி இருக்கிறது, பெரும்பாலும் அராபிகா. ஃபில்டருக்கு என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் போனால் கறுப்புதான் கூடும், மணம் குறையும். அரைத்த பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. கால் கிலோவாக வாங்குவது புத்திசாலித்தனம்.

வீட்டில் போட்டுப் பார்க்க

வடைக்கு: பச்சரிசி மாவு 400 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 30 கிராம், மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், வெண்ணெய் 30 கிராம், அரை மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. முதலில் வெண்ணெயை மாவில் பிசறுங்கள். பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும். அப்புறம்தான் தண்ணீர். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாக எடுத்து, துணிமேல் இரண்டு அங்குல வட்டமாகத் தட்டுங்கள். கனம் மூன்று மில்லிமீட்டர். முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். மிதமான தீயில், எண்ணெயின் சலசலப்பு அடங்கும் வரை விட்டு எடுக்க வேண்டும்.

குத்த மறந்தால் பூரி போல உப்பும். உப்பிய வடைமேல் காய் நிற்காது. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கும், மறுநாள் காலை மெத்தென்று இருக்கும். பருப்பின் தண்ணீரை வடிக்காமல் போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

சிவப்புச் சட்னிக்குக் காய்ந்த மிளகாய் பத்தை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, பன்னிரண்டு பல் பூண்டு, நெல்லிக்காயில் பாதி அளவு புளி, உப்போடு அரையுங்கள். ஊறிய தண்ணீரை ஒரு ஸ்பூனுக்கு மேல் விட வேண்டாம். பச்சைக்கு ஒரு கட்டு மல்லி, ஒரு கைப்பிடி புதினா, பச்சை மிளகாய் நாலு, உப்பு, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை. பொட்டுக்கடலைதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். எலுமிச்சை அரை மூடி பிழிந்தால் சீக்கிரம் கறுக்காது.

துருவலில் முன்கூட்டியே உப்புப் போடாதீர்கள். உப்பு காயிலிருந்து நீரை இழுத்துவிடும், பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் சிவப்புத் தண்ணீர் நிற்கும். பீட்ரூட்டைத் துருவியதும் கையால் ஒருமுறை பிழிந்து வையுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொருவருக்காகப் போட்டுக் கொடுங்கள். இருபது செட்டையும் முதலிலேயே அடுக்கித் தாம்பாளத்தில் வைத்தால், கடைசி ஆளுக்குப் போவது அந்தப் பார்சல் செட்தான்.